நெல்லை வெயிலில் பவளத் தொட்டி: காசை எங்கே போடுவது?

பேட்டையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். கடல் தண்ணீர்த் தொட்டி வைக்கப் போகிறாராம். கோமாளி மீன் ஒரு ஜோடி, கொஞ்சம் பவளம். தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பட்டியலின் முதல் பொருள் 200 வாட் ஹீட்டர். சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றரை மணிக்கு அதை வாசித்தேன். தலைக்கு மேல் ஓடிய ஃபேன் மொட்டைமாடிச் சூட்டைத்தான் இறக்கிக்கொண்டிருந்தது.

“மொதல்ல ஹீட்டர அடிச்சிருங்க தம்பி” என்று எழுதினேன்.

“அண்ணாச்சி, எல்லா வீடியோலயும் அதத்தான மொதல்ல வாங்கச் சொல்லுதாங்க?”

சொல்லத்தான் செய்வார்கள், அவர்கள் ஊரில் பனி பெய்கிறது. நம்மூர் மார்கழி ராத்திரியில்கூட வீட்டுக்குள் இருக்கும் தொட்டி 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பவளத்துக்குத் தோதான சூடு 25 முதல் 27. வருஷத்தில் பத்து மாதம் நாம் மல்லுக்கட்ட வேண்டியது சூட்டோடுதான். அவருடைய பட்டியலில் ஹீட்டருக்கு அடுத்தபடி விளக்கு. மொத்தக் காசில் பாதியை அது தின்றுவிட்டது. தண்ணீரைக் குளிர்விக்க ஒரு பொருள்கூட இல்லை. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒன்றுமில்லை.

அந்தப் பட்டியலை நான் குறை சொல்ல முடியாது. என் முதல் பட்டியலும் அச்சு அசல் இதுதான்.

சூடு

பாளையங்கோட்டையில் அப்போது மாடி வீட்டில் குடியிருந்தேன். கைக்காசையெல்லாம் விளக்கில் போட்டேன். வெயில் காலத்துக்கு என்ன வழி என்று தொட்டி வாங்கிய கடையில் கேட்டதற்கு, “ஐஸ் கட்டியப் பையில போட்டு மெதக்க விடுங்க சார், போதும்” என்றார்கள். நானும் நம்பினேன். வைகாசியில் ஒரு முகூர்த்த நாள், சங்கரன்கோவிலில் சொந்தத்தில் கல்யாணம். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் வந்து கண்ணாடியில் கை வைத்தேன். பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரில் 33. கோமாளி மீன் இரண்டும் மேல்மட்டத்தில் வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தன. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மஷ்ரூம் பவளங்கள் மாடியில் காயப்போட்ட வடகம் மாதிரி சுருண்டு கிடந்தன. மீன்கள் பிழைத்துக்கொண்டன. பவளத்தில் பாதி நாலே நாளில் கரைந்துபோனது.

பவளத்தின் சதைக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வாங்கிப் பவளத்துக்குச் சோறாக்கிப் போடுவது அந்தப் பாசிதான். சூடு பொறுக்காதபோது பவளம் அதை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் பக்கத்து மன்னார் வளைகுடாவிலேயே இது பெரிய அளவில் நடந்தது. அவ்வளவு பெரிய கடல் தாங்காத சூட்டை, கல்லும் மணலும் போக மூன்றடித் தொட்டியில் நிற்கிற 160 லிட்டர் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

குளிர்விக்க மூன்று வழி: ஃபேன், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கிற மெஷின்), அறைக்கு ஏசி.

ஃபேன் என்றால் கம்ப்யூட்டருக்குள் சுற்றுமே, அந்தச் சின்ன ஃபேன் நாலு. அல்லது கிளிப் ஃபேன் இரண்டு. தண்ணீரின் மேல்மட்டத்தில் சாய்வாகக் காற்று அடிக்க வேண்டும். ஆவியாகிப் போகும் தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். பானைக் கணக்கை வைத்தே மற்றதையும் சொல்லிவிடலாம்: பாளையங்கோட்டையில் பானைத் தண்ணீர் குளிர்கிற அளவுக்குத் திருச்செந்தூரில் குளிராது. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, அது இன்னும் எவ்வளவு வாங்கும்? மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கிற நம் பக்கத்து வெயில் வறண்ட வெயில். ஆனி, ஆடியில் மேல்காற்று எடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தென்காசிக்காரர்களுக்குச் சாரலே பாதி வேலையைப் பார்த்துவிடும், பொறாமையாகத்தான் இருக்கிறது. இப்போது தரைத்தளத்தில் இருக்கும் என் வீட்டில் மே மாதம் ஹாலில் 34 காட்டும்போது தொட்டி 28-ல் நிற்கிறது, ஃபேன் மட்டும் வைத்து. 28 அதிகம்தான். ஆனால் கல் மாதிரி எலும்பு கட்டாத மென்பவளங்கள் அதைப் பொறுத்துக்கொள்கின்றன.

ஃபேனுக்கு மறைமுகமாக ஒரு விலை உண்டு. மே மாதம் ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் ஆவியாகிவிடும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். 160 லிட்டரில் ஐந்து லிட்டர் குறைந்தால் ஆயிரத்துக்கு 35 பங்கு என்று இருந்த உப்பு 36-ஐத் தாண்டும். மூன்று நாள் வெளியூர் போய் வந்தால் 38-ஐத் தாண்டி நிற்கும். ஆகவே தண்ணீர் குறையக் குறைய நல்ல தண்ணீரைத் தானாகவே விட்டுக்கொள்ளும் ஆட்டோ டாப்-அப் கட்டாயம் வேண்டும். ஒரு சென்சார், ஒரு குட்டி மோட்டார், ஒரு 20 லிட்டர் கேன், அவ்வளவுதான் சாமான். ஃபேனின் விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

காற்றுப் பட வேண்டும் என்பதால் கண்ணாடி மூடி போட முடியாது. திறந்து விட்டால் மீன் துள்ளித் தரையில் விழும். கொசுவலைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் போதும். கொசு என்றதும் இன்னொன்று: தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தி, திரவ மருந்து, ஸ்ப்ரே எதுவும் கூடாது. அவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து மீனுக்கே கொடிய விஷம், இறால் வகைகளுக்கு அதைவிட மோசம்.

சில்லர் வெளிக்காற்றை நம்பியிருப்பதில்லை. 26 என்று வைத்தால் 26. அதற்கு மூன்று இடைஞ்சல். முதலாவது விலை; பட்டியலில் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை இதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது, தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அது அறைக்குள்ளேயேதான் கக்கும். அலமாரிக்குள் வைத்து அடைத்தால் தன் சூட்டில் தானே வேகும். வராந்தாவில் வைத்துச் சுவர் வழியாகக் குழாய் கொண்டுவருவது நல்லது. மூன்றாவது, பெட்டியில் அச்சடித்திருக்கும் லிட்டர் கணக்கு நம்மூருக்குப் பொருந்தாது. 34-லிருந்து 26-க்கு இறக்குவது எட்டு டிகிரி. பல பெட்டிகளில் போட்டிருக்கும் கணக்கு அதைவிடக் குறைந்த இறக்கத்துக்கானது. அது எந்த அளவைச் சொல்கிறதோ அதற்கு ஒரு படி மேலே வாங்க வேண்டும். மூன்றடித் தொட்டிக்குக் கால் ஹெச்பி என்பேன்.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடுவோம். கால் ஹெச்பி சில்லர் சுமார் 250 வாட் இழுக்கிறது, வெயில் காலத்தில் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். மொத்தம் 20 வாட் ஃபேன்கள் ராப்பகலாக ஓடினாலும் 30 யூனிட்டுக்குள். ஏசியை நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் அது மட்டுமே ஐந்நூறைத் தாண்டலாம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணத்தின் தட்டே மாறிவிடும் என்பது பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். எப்படியும் ஏசி ஓடுகிற அறை என்றால் அங்கே தொட்டியை வைப்பது புத்திசாலித்தனம். தொட்டிக்காக ஏசி போடுவது வசதிக்காரர்கள் சமாசாரம்.

தரைத்தளம், காற்றோட்டம் உண்டு, வளர்க்கப்போவது மென்பவளம் என்றால் ஃபேன் போதும். பிற்பாடு சில்லர் சேர்க்க வசதியாகக் குழாயில் இரண்டு டி-ஜாயின்ட் மட்டும் இப்போதே போட்டு வையுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருந்தாலோ, திருச்செந்தூர், தூத்துக்குடி பக்கம் இருந்தாலோ, சில்லருக்குக் காசு சேரும்வரை தொட்டியைத் தள்ளிப்போடுங்கள். ஐஸ் பை மட்டும் வேண்டாம். மளமளவென்று இறங்கித் திரும்ப ஏறுகிற சூடு, ஒரே நிலையாக நிற்கிற 28-ஐவிடப் பவளத்தை அதிகம் வாட்டும்.

தண்ணீரும் உப்பும்

தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பவளத் தொட்டியில் விடக் கூடாது. குளோரின் போட்டு வருகிறது. போர்வெல் சவருத் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். தொட்டிக்கு வேண்டியது, கரைந்திருக்கும் உப்புகளை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர். அடுக்களை ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே என்பீர்கள். பல மெஷின்களில் சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலக்கிற திருகு ஒன்று இருக்கும். அதனால்தான் குழாயில் 60, 80 என்று காட்டுகிறது. தொட்டிக்கென்று தனி ஆர்.ஓ. வாங்குவது ஒரு வழி. எனக்குப் பிடித்தது மற்ற வழி: மெம்பிரேன் என்கிற வடிகட்டும் சவ்விலிருந்து வெளிவரும் இடத்திலேயே, அந்தத் திருகுக்கு முன்னால், ஒரு டி போட்டு, அதில் மிச்சசொச்ச உப்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழல் ஒன்றை மாட்டிவிடுவது. செலவு கொஞ்சம்தான். கேன் தண்ணீரை நம்பி இறங்காதீர்கள். ஒரு கேன் 20 காட்டும், அடுத்த கேன் 120 காட்டும்.

பிடித்த தண்ணீரை எதில் வைக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் என்றாலே செப்புக் குடம். ஒருநாள் எனக்கு உதவி செய்வதாக நினைத்து அம்மா டாப்-அப் தண்ணீரை அதில் பிடித்து மூடி வைத்திருந்தாள். நல்லவேளை, ஊற்றுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். செம்பு மீனைவிட இறால், நத்தை, பவளம் இவற்றை மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும். பித்தளைக் குழாய், பித்தளை வால்வும் அப்படியே. ஆற்றின் பேரில் தாமிரம் இருப்பதோடு நிற்கட்டும். தொட்டித் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் குடம்தான்.

உப்பு விஷயத்தில் நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “தூத்துக்குடில உப்பு மலையா குவிஞ்சு கெடக்கு, எதுக்கு அண்ணாச்சி டப்பா உப்பு?” உப்பளத்தில் நடப்பதைப் பார்த்தால் பதில் தெரியும். கடல் தண்ணீர் பாத்தியில் சுண்டச் சுண்ட முதலில் படிவது சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம். அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு. அதை வாரிய பின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் போய்விடும். பவளத்தின் எலும்புக்கு வேண்டிய கால்சியம் முந்தின பாத்தியில் நின்றுவிட்டது, மக்னீசியம் கடைசித் தண்ணீரோடு வெளியேறிவிட்டது. குவிந்து கிடக்கும் வெள்ளை மலையில் இரண்டுமே அநேகமாக இல்லை. கடல் தண்ணீரில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,300. டப்பா உப்பில் இதெல்லாம் அளந்து சேர்த்திருக்கும்.

அப்படியானால் கடல் தண்ணீரையே கொண்டுவரலாமே? கொண்டுவரலாம். நண்பர் ஒருவர் வேனில் கேன் ஏற்றிக்கொண்டுவந்து வருஷக்கணக்காக ஓட்டுகிறார். ஆனால் கடல் எல்லா இடத்திலும் எல்லா மாதத்திலும் ஒன்றல்ல. ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி பெருகிப் புன்னைக்காயலில் கடலில் விழும்போது அந்தச் சுற்றுவட்டாரத்தில் உப்பு இறங்கிவிடும். துறைமுகம், ஆலைகள் பக்கத்துத் தண்ணீரை நான் எடுக்க மாட்டேன். காசுக் கணக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. லிட்டருக்கு 36 கிராம் என்று பார்த்தால் தொடக்கத்தில் ஆறு கிலோவுக்குள், பிறகு மாதம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற ஒரு கிலோ சொச்சம். நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வரும் டீசலுக்கு அந்த உப்பே வந்துவிடும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

உப்பை அளக்க, ஒளி வளைவதை வைத்துக் கணக்குச் சொல்லும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், உப்புக்கு 35 என்று குறித்த திரவத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு நீர்க்குமிழி ஒட்டினாலே கணக்குத் தப்பும். உப்பளத்தில் வைத்திருக்கும் டிகிரி மீட்டர் கைக்கு எட்டினாலும் வேண்டாம். அதன் டிகிரி சூட்டின் அளவல்ல, தண்ணீரின் அடர்த்தி; 25 டிகிரியில் உப்பு விளைவதைப் பார்க்கச் செய்தது, நமக்கு வேண்டிய மூன்றரையில் நுணுக்கமாக அளக்க உதவாது.

கல், மணல், சட்டம்

“தெரிஞ்ச ஆள் கடல்ல இருந்து பவளக் கல்லு எடுத்துத் தாரேங்காரு” என்றார் தம்பி. இதில் ஒப்பீடே கிடையாது. கல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் ஏறிவிட்டன. எடுப்பதும் குற்றம், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். செத்த பவளக் கல்லாக இருந்தாலும் அதே கதைதான். தூத்துக்குடியிலிருந்து மண்டபம்வரை கடலில் இருக்கும் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்கா. அதை உடைத்து ஹாலில் வைப்பதற்காகவா இந்தப் பொழுதுபோக்கு? செராமிக் கல் வாங்குங்கள். அதன் நுண்துளைகளில் பாக்டீரியா குடியேறி, மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு கைப்பிடி பழைய கல் வாங்கிப் போட்டால் வேகம் பிடிக்கும். ஆற்று உருட்டுக்கல்லில் துளை இல்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு மணலின் சிவப்பு இரும்பின் சிவப்பு, அதுவும் வேண்டாம். சுண்ணாம்பு வகையான அரகோனைட் மணல்தான் இதற்கு ஆகும்.

மீனும் தொட்டியில் பிறந்ததாக வாங்குங்கள். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மண்டபம், விழிஞ்ஞம் ஆராய்ச்சி நிலையங்களில் எப்போதோ கைவரப்பண்ணிவிட்டார்கள்.

மீதி சாமான்கள்

விளக்கு: பவளத்துப் பாசிக்குப் பயன்படுகிற வெளிச்சத்தைப் ‘பார்’ (PAR) என்ற கணக்கில் அளக்கிறார்கள்; மென்பவளத்துக்கு 50 முதல் 150 பார் போதும். கிளைவிடும் கல் பவளத்துக்குத்தான் 250-க்கு மேல் வேண்டும், அது உங்கள் பட்டியலிலேயே இல்லை. ஆக அந்த விலையுயர்ந்த விளக்கின் பாதித் திறனை நீங்கள் அணைத்துத்தான் வைக்கப் போகிறீர்கள். மெட்டல் ஹாலைடு என்கிற பழைய வகை விளக்கு நம்மூரில் அடுப்பு. நீலம் தனியே, வெள்ளை தனியே கூட்டிக் குறைக்க முடிகிற நடுத்தர எல்.இ.டி. ஒன்று வாங்கி, சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டு ராத்திரி பன்னிரண்டுக்கு அணையுங்கள். உச்சி வெயிலும் விளக்குச் சூடும் ஒன்று சேராது. வேலைக்குப் போய் வருகிறவர்களுக்குப் பார்க்கிற நேரமும் அதுதான்.

ஸ்கிம்மர்: பாகு காய்ச்சும்போது அழுக்கெல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வருமே, அதே வித்தை. பொடிப் பொடிக் குமிழில் கழிவு ஒட்டிக்கொண்டு கிண்ணத்தில் வந்து விழும். இரண்டு மீனுக்கு முதல் ஆறு மாதம் அது இல்லாமல், மாதம் ஐந்தில் ஒரு பங்குக்குப் பதில் வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றியே ஓட்டலாம். கீழே சம்ப் என்கிற இரண்டாவது தொட்டி வைத்தால் பிறகு ஸ்கிம்மரை அதில் இறக்கிக்கொள்ளலாம். மூடிய டப்பாவுக்குள் வடிகட்டும் கேனிஸ்டர் ஃபில்டரை மாதக்கணக்கில் திறக்காமல் விடுவதுதான் மனித சுபாவம். அதனாலேயே நான் சிபாரிசு செய்வதில்லை.

நீரோட்டத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். தொட்டித் தண்ணீரைப் போல் இருபது மடங்காவது மணிக்குப் புரள வேண்டும். 160-க்கு 3,200 லிட்டர். அதற்கு அலை எழுப்பும் மோட்டாரான 24 வோல்ட் டி.சி. வேவ்மேக்கர் இரண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகிற கரண்ட் மத்தியானம் இரண்டுக்கோ அதற்கு மேலேயோதான் வரும்; அதற்குள் அசையாத தண்ணீரில் மீன் திணறிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர் பேட்டரி இருந்தால் அதில் பாதியை எடுத்தாலே, வேவ்மேக்கர் இரண்டும் ஃபேன்களுமாக 50 வாட் என்று வைத்தாலும், பதினேழு பதினெட்டு மணி நேரம் ஓடும். சில்லரை அதில் மாட்டினால் நாலு மணி நேரம் தாண்டாது. ஃபேன் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தம்பி கடைசியாக அனுப்பிய பட்டியலில் ஹீட்டர் இல்லை. விளக்கு நூற்றுக்கு இருபதுக்கு இறங்கியிருக்கிறது. ஃபேன், டாப்-அப், டி.ஐ. குழல், வேவ்மேக்கர், இன்வெர்ட்டருக்குத் தனி ஒயர் என்று பாதிக்கு மேல் போகிறது. ஸ்டாண்டுக்கு இரும்புக் குழாய் என்று போட்டிருந்ததை அடித்துவிட்டு அலுமினியம் என்று எழுதினேன்; உப்புத் தண்ணீர் சொட்டுகிற இடம், மேலே ஏறப்போவது கால் டன்னுக்கு அதிகம்.

“அண்ணாச்சி, எந்தச் செவத்த ஒட்டி வைக்க?” என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். மேற்குச் சுவரைத் தவிர எதுவானாலும் சரி.